இரண்டு முத்துலட்சுமிகள்

இன்று காலை ஆபீஸ் கதவைத் திறந்ததும் ஈரக் கார்ப்பெட்டின் வாடை முகத்தில் அடித்தது. வாஷியில் மழை தொடங்கிவிட்டால் ஜன்னலோரம் நீ உட்கார்ந்திருந்த மூலைதான் முதலில் நனையும். போன மழைக்காலம்வரை உன் மேஜையை நீயும் நானுமாகத்தான் இழுத்துப் போடுவோம். இன்று ஒருத்தியாக இழுத்தேன். கேட்க ஆளில்லாததால் உனக்கே எழுதுகிறேன்.

நீ தாராவி, நான் மாட்டுங்கா. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். குர்லாவில் வண்டி மாறும்போது உன் முழங்கைதான் நமக்கு இடம் பிடிக்கும். என் வீட்டுத் தமிழைக் கேட்டுச் சிரிப்பாய். நீ என்னை "ஏட்டி" என்று கூப்பிடுவதைக் கேட்டு என் அம்மா முதலில் திகைத்தாள். பிறகு நீ வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே தேட ஆரம்பித்தாள்.

அந்த இன்சுலின் வேலை நினைவிருக்கிறதா? ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுக்கும் ஓர் அறக்கட்டளை, தன் பழைய எக்செல் கோப்புகளையெல்லாம் ஒரே டேட்டாபேஸ் டேபிளில் கொட்டி நம்மிடம் அனுப்பியிருந்தது. பெயர், வயது, ஏரியா மட்டும் இருந்தன. ஐடி கிடையாது. ஒரே மாதிரி வரிகள் நிறைய. நம் மேனேஜர் எட்டிப் பார்த்து, "டூப்ளிகேட் ஹை யார், உடா தோ" என்று, இரட்டை வரிகளை அழிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நீ அசலைத் தொடவில்லை. ஒரு டெம்பரரி டேபிள் போட்டாய். அதில் முதலில் வரிக்கு ஒரு ஐடி எண்; அதுவே பிரைமரி கீ, ஆட்டோ இன்கிரிமென்ட். பிறகு அசலில் இருந்த வரிகளையெல்லாம் அதற்குள் ஏற்றினாய். எண்ணை நாம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஏறிய ஒவ்வொரு வரியும் அடுத்த எண்ணைத் தானே வாங்கிக்கொண்டது. கனெக்ஷன் அறுந்தால் அந்த டேபிளும் மறைந்துவிடும். ஒருமுறை நெட் போய் அப்படித்தான் மறைந்தது. இந்தியிலும் தமிழிலும் திட்டிக்கொண்டே மறுபடியும் போட்டாய்.

அப்போதுதான் முத்துலட்சுமி கண்ணில் பட்டாள். இரண்டு வரி. பெயரும் வயதும் ஏரியாவும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. எண் மட்டும் வேறு.

"ஒரே ஆளாத்தான் இருக்கும்" என்றேன்.

"இருக்கும்னா? எங்க தெருவுல முத்துலட்சுமின்னு கூப்பிட்டா நாலு வீட்டுல இருந்து எட்டிப் பாப்பாவ. போய்ப் பாத்துட்டு வருவோம், வாட்டி."

சனிக்கிழமை என்னையும் அந்த ஏரியாவுக்கு இழுத்துக்கொண்டு போனாய். இரண்டு முத்துலட்சுமிகள் இருந்தார்கள். ஒருத்தி இட்லி அவித்து விற்பவள். இன்னொருத்தி பக்கத்துச் சந்தில், காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"மருந்துக்குப் போனா, நீதான் வாங்கிட்டுப் போயிட்டியேன்னு திருப்பி அனுப்பிட்டாவ தாயி. அவ கையெழுத்தக் காட்டுதாவ. நான் என்னத்தச் சொல்ல?"

நீ அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய். திங்கட்கிழமை மேனேஜரிடம் நீ போட்ட சத்தம் பேன்ட்ரிவரை கேட்டது. கடைசியில் அவரே அறக்கட்டளைக்குப் போன் செய்தார். அவளுக்கு மருந்து திரும்பக் கிடைத்தது. ஆனால் தாமதமாகிவிட்டிருந்தது, இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டி வந்தது. "இன்னும் கொஞ்சம் முன்னாடி இந்த வேலை நம்ம கைக்கு வந்திருந்தா" என்று வண்டியில் நீ சொன்னபோது உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த மழையில் ரயில்கள் நின்றுபோன நாள், குர்லாவிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்தே வீட்டுக்குப் போனாய். புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் புண் இருந்தது. காய்ச்சல் வந்தபோது டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். "மழக் காய்ச்சலுக்கெல்லாமா ஆஸ்பத்திரி?" என்றாய். கண் மஞ்சளித்த பிறகுதான் கொண்டுபோனார்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள், சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த உன்னிடம் ஒரு வார்த்தை பேச விடவில்லை.

தாராவி சர்ச்சில் உன் அடக்கத்துக்கு வந்த கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. இரண்டு முத்துலட்சுமிகளும் வந்திருந்தார்கள். நொண்டிக்கொண்டு வந்தவளை மற்றவள் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரோ அவர்களிடம் சொந்தமா என்று கேட்டார்கள். "எங்கள ரெண்டு பேருன்னு சொன்ன பிள்ள" என்று சொல்லி, நொண்டி வந்தவள் அழுதாள். அதுவரை அழாமலிருந்த நான் அப்போதுதான் உடைந்தேன்.

அறக்கட்டளை இந்த வாரம் புதிய டேட்டா அனுப்பியிருக்கிறது. நீ போட்ட மாதிரியே டேபிளைப் போட்டு ஏற்றினேன். சீத்தா கேம்ப் பகுதியில் ஒரு அப்துல் காதர், இரண்டு வரி. "இதுக்கெல்லாமா அலைவாங்க?" என்றாள் உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண். நல்லவள்தான். உன் வேலையைத்தான் செய்கிறாள். அதற்காக அவள்மேல் எனக்கு வரும் கோபத்தை யாரிடம் சொல்வது?

சனிக்கிழமை போகிறேன். கதவைத் தட்டி, நீங்கள் யார் என்று கேட்க உன்னிடமிருந்துதான் பழகினேன். தனியாகப் போவதுதான் இன்னும் பழகவில்லை, ஏட்டி.