இரவல் சிரிப்பு

மாம்புரி, சனிக்கிழமை இரவு.

இன்று புத்தளத்தில் என் சுயசரிதை வெளியீடு. தலைமை தாங்கிய பாடசாலை அதிபர் என் வில்லன் வேடங்களைப் புகழ்ந்துகொண்டே போனார். புத்தகத்தை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது முதல் வசனத்திலேயே தெரிந்துவிட்டது. கடைசியில் அண்ணன் முறை சொல்லி அழைத்து மைக்கை என் கையில் திணித்தார்.

"நானா, அந்தச் சிரிப்ப ஒருக்கா சிரிச்சுக் காட்டுங்களேன்."

அந்தச் சிரிப்பு என்னுடையதல்ல. என் சிங்களத்தில் கற்பிட்டி வாடை அடிக்கிறது என்று, நடித்த எல்லாச் சிங்களப் படத்திலும் எனக்கு வேறொருவரைத்தான் குரல் கொடுக்க வைத்தார்கள். முகம் நான், பேசியதும் சிரித்ததும் அவர். புத்தகத்தில் அவருடைய பெயரையும் போட்டு, ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன்.

சபையிலும் சொன்னேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். வேறு வழியில்லாமல் என் சொந்தச் சிரிப்பைச் சிரித்தேன். மண்டபம் அடங்கிப்போனது. முன்கதிரையில் இருந்தவர் பக்கத்து ஆளிடம், "வயசு போயிட்டு, பாவம். முந்தி மாதிரி வருதில்ல" என்றார்.

அதிபர் விடவில்லை. கைத்தொலைபேசியில் பழைய படம் ஒன்றைத் தேடியெடுத்து மைக்கருகே பிடித்தார். எப்போதோ செத்துப்போன அந்த மனிதர் மண்டபம் அதிரச் சிரித்தார். எல்லாரும் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

கூட வந்திருந்த மனைவி வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டாள்.

"அந்த நேரம் நீங்க ஏன் வாய அசைச்சீங்க?"

அசைத்தேனா? அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஓரிடத்தில்கூடப் பிசகவில்லையாம்.