அறுபத்து மூன்றாவது படிவம்

என்னங்க,

முகம் பார்த்துச் சொல்லக் கூசுகிறது. அதனால் டிபன் பையில் வைக்கிறேன்.

என் சைக்காலஜி ஆய்வுப் படிவங்களை உங்கள் கம்பெனியில் கொடுக்க வாங்கிக்கொண்டபோது, "பேரு எழுத வேணாமில்ல?" என்றீர்கள். நான் சிரித்தேன்.

'வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆள் இருக்கிறது' என்ற வரிக்கு அறுபத்திரண்டு பேர் 'ஆம்' என்றிருந்தார்கள். ஒருவர் மட்டும் 'இல்லவே இல்லை'. மற்றவற்றோடு ஒட்டாத விடை என்று காரணம் எழுதி அந்தப் படிவத்தை நீக்கினேன். முடிவு அழகாக வந்தது. கைடும் பாராட்டினார்.

கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பாகங்களில் மஞ்சள் மார்க்கரால் நீங்கள் போடும், முனை சேராத வட்டம்தான் அந்த விடையைச் சுற்றி இருந்தது. தெரிந்தேதான் நீக்கினேன்.

இன்று திரும்பச் சேர்த்துவிட்டேன். முடிவு முன்போல அழகாக இல்லை, இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தளி ஊர் வரை பஸ்ஸில் போய் வருவோம். வழியெல்லாம் நீங்களே பேசுங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும் ஆள்