செல்வி பூட்டிய பொத்தான்

12.8.2006, சனி

மகள் செல்வி செத்து இருபது நாள். அவளுடைய சிடி பிளேயர் எனக்குப் பாடவே மாட்டேன் என்றது. பேட்டரியை இரண்டு முறை மாற்றினேன். பட்டாசு வேலையில் மருந்து ஒட்டிய கையால் தொட்டுக் கெடுத்துவிட்டேனோ என்று சீயக்காய் போட்டுக் கை கழுவினேன். இன்றுதான் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தானைப் பார்த்தேன். கம்பெனி பஸ்ஸில் பைக்குள் தானாகப் பாடிவிடாதபடி அவளே அதைத் தள்ளிப் பூட்டியிருக்கிறாள். திருப்பித் தள்ளினேன். தட்டு சுற்றியது.

நாத்தனார் பார்த்துவிட்டாள். “துட்டி வீட்டுல பாட்டா மதினி? ஊரு சிரிக்காதா?”

“சிரிச்சா சிரிக்கட்டும் தாயி. எம்மக கேட்ட பாட்ட நான் கேக்கேன்.”

காதில் மாட்டியதைக் கழற்றவில்லை. ஒரே தட்டில் நூறு பாட்டுக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறாள். இன்றைக்குப் பதினொன்று கேட்டேன். மிச்சத்தையும் கேட்பேன். அந்தப் பொத்தானை இனிப் பூட்டமாட்டேன்.