மூக்கில் விட்ட பிரஷ்

ஜூலை 8

நான் கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்ல மருமகள் கவிதா எழுதுகிறாள். வசவுகளை மட்டும் விட்டுவிடுகிறாள் என்று சந்தேகம்.

நெஞ்சுப் படத்தில் வலது பக்கம் ஏதோ தெரிகிறதாம். தொண்டை வழியாகக் குழாய் விட்டுச் சதை எடுக்க வேண்டுமாம். மாட்டேன் என்றேன். தம்பி வேதாசலம் அப்படித்தான், குழாய் விடப் போன அன்று செருப்பை என்னிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். இடது செருப்பில் வார் அறுந்து சணல் கட்டியிருந்தது. செருப்பு மட்டும்தான் வீடு திரும்பியது.

ஜூலை 15

சென்னையில் ஓர் ஆராய்ச்சியாம். மகன் தணிகைமணி விசாரித்து வந்தான். மூக்குக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்தாலே நுரையீரல் நோய் தெரியுமாம். இரண்டும் ஒரே காற்றைத்தானே இழுக்கின்றன. அங்கே கெட்டால் மூக்கின் உள்தோலில் ஜீன் வேலை செய்யும் விதமே மாறிவிடுமாம்.

"அப்போ குழாய் வேணாம்ல?"

"போய்ப் பாக்கலாம் வா நைனா."

அது பதிலா?

ஜூலை 22

பிரஷ் விட்டார்கள். தும்மினேன், அவ்வளவுதான். "இன்னா இருக்குது, சொல்லும்மா" என்று டாக்டர் பெண் பிரியங்காவைக் கேட்டேன்.

"இது இன்னும் சோதனையிலதாங்க ஐயா இருக்குது. மூக்கு சொல்றது நிஜமான்னு குழாய் விட்டு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

குழாய்க்குப் பயந்துதானே மூக்கைக் கொடுத்தேன்?

"சம்மதத் தாள்ல ரேகை வெக்கும்போதே சொன்னாங்க நைனா. நீதான் ஆங் ஆங்னு தலையாட்டினே" என்கிறான் மணி. ரயிலில் அவனோடு பேசவில்லை.

ஜூலை 23

இன்றும் பேசவில்லை.

ஆகஸ்ட் 3

சளியில் ரத்தம். என் பெண்சாதி ஜெயம்மாள் பார்த்துவிட்டாள். "மூக்க நீட்டத் தெரிஞ்ச ஆம்பளைக்கு வாயத் தொறக்கத் தெரியலியா?" என்றாள். கவிதா சிரித்துக்கொண்டே எழுதுகிறாள். எழுது, எழுது.

சாயங்காலம் டாக்டர் பெண்ணுக்கு போன் போடச் சொன்னேன்.

"எல்லாரும் மூக்க மட்டும் கொடுத்துட்டுப் போய்ட்டா?"

"அது நிஜம் சொல்லுதான்னு எப்பவுமே தெரியாதுங்க ஐயா."

எரிச்சல்தான் வந்தது. வருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 12

குழாய் விட்டார்கள். மயக்கத்தில் வலி ஒன்றும் தெரியவில்லை. தொண்டை எரிகிறது, திட்டக்கூட முடியவில்லை.

ஆகஸ்ட் 16

ஆடிக் கிருத்திகை. தெரு முழுக்கக் காவடி. முடிவு வரவில்லை. சதையை எந்தச் சந்தைக்கு அனுப்பினார்களோ.

ஆகஸ்ட் 20

புற்றுதான். சின்னதாக இருக்கும்போதே அகப்பட்டதாம், அறுத்து எடுத்துவிடலாமாம்.

"மூக்கு இன்னா சொல்லிச்சி?" என்று டாக்டர் பெண்ணைக் கேட்டேன்.

"இன்னும் பாக்கலீங்க. நெறைய பேரோடது சேந்தப்புறம் மொத்தமாத்தான் பாப்பாங்க."

வந்ததே கோபம். ரயிலேறி ஊருக்கு, திருத்தணியில் இறங்கும் வரை திட்டிக்கொண்டே வந்தேன். என் கையைப் பிடித்த மணி விடவே இல்லை. நானும் உருவிக்கொள்ளவில்லை.