நீ சொன்ன 'விடு'

இன்று லாக்கரைச் சுத்தம் செய்தபோது உன் இடது கை கிளவுஸ் கிடைத்தது, மோதிர விரலில் முடிச்சோடு. கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை. காலி விரல் எதிலாவது மாட்டிக்கொள்ளும் என்று ஒவ்வொரு புது கிளவுஸுக்கும் பல்லால் இழுத்து முடிச்சுப் போடுவாய். பார்க்காத மாதிரி நான் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

நீ திருநெல்வேலிப் பக்கம், நான் மணிமங்கலம். எண்ணெய்க் கிணறு தோண்டும் குழாய்களுக்கு மரை போடும் இந்த ஒரகடம் கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் "இன்னாடா" என்றால் நீ "என்னலே" என்பாய். சுங்குவார்சத்திரம் டீக்கடையில் ஒருவர் பேச்சை மற்றவர் கிண்டலடித்தே எத்தனை நாள் கம்பெனி பஸ்ஸை விட்டிருக்கிறோம்! இப்போதெல்லாம் பஸ் வருவதற்கு முன்பே போய் நிற்கிறேன். பேச ஆளில்லை.

அந்தப் பேச்சுதான் நம்மைக் கவிழ்த்தது. கிரேன் ரிமோட் என் கையில். தொங்கிய குழாயை நீ பிடித்து ஸ்டாண்டில் உட்கார வைத்துக்கொண்டிருந்தாய். ஸ்டாண்டு நகர்ந்தது. "விடுலே, விடு!" என்று கத்தினாய். வேண்டாம், நிறுத்து என்று உன் அர்த்தம். கிரேன்காரனுக்கு 'விடு' என்றால் இறக்கு. இறக்கிவிட்டேன்.

சூப்பர்வைசர் விசாரித்தபோது, "கிளவுஸ் சிக்கிட்டு சார், நாந்தான் கைய எடுக்கல" என்றாய். பக்கத்திலேயே நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. என்னை நினைத்து எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

விரல் போன கை ஆறித் திரும்பி வந்த அன்றே சட்டம் போட்டாய். "இனிமே எவனும் விடுன்னு சொல்லக் கூடாது. எறக்கு, இல்லன்னா நில்லு. எறக்குறதுக்கு முன்னால ரெண்டு கையையும் தூக்கிக் காட்டணும்." லைனில் இன்றும் அப்படித்தான்.

மஞ்சள் காமாலையில் நீ படுத்திருந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தேன். "அன்னிக்கு நான் எறக்குனதுதாண்டா. சார்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றேன். நாலு விரல் கையால் என் கையைத் தட்டிச் சிரித்தாய்.

"விடுலே."

அதுதான் உன் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தை.

மத்தியானம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், இங்கே ஏன் யாரும் 'விடு' சொல்வதில்லை என்று கேட்டார். உன் கிளவுஸைத் தூக்கிக் காட்டினேன். அன்று இறக்கியவன் நான், பழியை ஏற்றுக்கொண்டவன் நீ என்று மொத்த லைனுக்கும் சொன்னேன். சூப்பர்வைசரும் நின்று கேட்டார்.

இந்த ஒரு தடவை உன் பேச்சைக் கேட்கவில்லை. விடவில்லைடா, சொல்லிவிட்டேன்.