காபி கொடுங்கள், கையெழுத்து வேண்டாம்

மாமா,

கிணற்றில் நமக்குப் பங்கே இல்லை என்று உங்கள் அண்ணன் மகன் சவரிமுத்து போட்ட கேஸுக்கு இன்று வாய்தா. அரூர் கோர்ட்டுக்குப் போகிறேன். களியும் கீரைக் கடைசலும் மூடி வைத்திருக்கிறேன். நேற்றுபோல் கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள்.

“பையன் இங்க இல்ல, கேஸு அவங்க பக்கம் போயிரும், வுட்டுக் குடுத்துரலாம்மா” என்றீர்கள். போகாது. உங்கள் மகன் லடாக் எல்லையில் நிற்கும்வரை அவர்மேல் போட்ட வழக்கை நிறுத்தி வைக்கச் சட்டம் இருக்கிறது. அதற்கான கலெக்டர் சான்றிதழ் என் பையில் இருக்கிறது.

சவரிமுத்து சமாதானப் பத்திரத்தோடு வருவார். காபி கொடுங்கள். கையெழுத்து மட்டும் போடாதீர்கள். மகன் சார்பில் வேறு யாராவது கையெழுத்துப் போட்டுத் தலையிட்டால் வழக்கை நிறுத்தி வைக்க மாட்டார்கள் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

மீதிச் சண்டையைச் சாயங்காலம் வந்து போட்டுக்கொள்ளலாம்.

ராணி

மறந்துவிட்டேன்: இன்று கிணற்றில் நம் முறை. மோட்டார் ரூம் சாவி மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. சவரிமுத்து பத்திரத்தைப் பிரிக்கும்போது எழுந்து போய் மோட்டாரைப் போடுங்கள். நம் மஞ்சளுக்குத் தண்ணீர் பாயும் சத்தம் அவர் காதிலும் விழட்டும்.