நீ மாட்டிய தாழ்ப்பாள்

ஸ்விஷ்தோவ்,
தவக்காலம், இரண்டாம் வாரம்

அன்புள்ள ஸ்லாத்தினா அக்காவுக்கு,

ஸ்பெயினில் உனக்கும் மாமாவுக்கும் சின்னக்குட்டிக்கும் ஆண்டவர் சுகம் தரட்டும்.

அப்பா இப்போது நம் அறைக் கதவைத் தட்டுகிறார். முதலில் அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டிவிட்டு வெளியிலேயே நிற்கிறார். "வரலாமா?" என்று கேட்கிறார். அவர் பூட்ஸ் காலால் உதைத்துத்தான் அந்தக் கதவின் கீழ்ப்பலகை பிளந்தது, உனக்கு நினைவிருக்கும். அதன் பிறகு நீ உள்பக்கம் மாட்டிய தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டுதான் இன்னும் படுக்கிறேன்.

போனில் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் கடிதம். "அந்த ஆளு நெஜமாவே மாறிட்டாரா, இல்ல சர்ச்சுக்குப் போய் நடிக்கிறாரா? நீ சொல்லு, நான் நம்புறேன். இல்லேன்னா நாங்க ஊருக்கு வந்ததும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கின்கா அத்தை வீட்லேருந்துதான். அவரு அந்தப் பக்கமே வரக்கூடாது" என்றாய். இதை என் தலையில் வைத்துவிட்டாயே! அன்று பேக்கரியில் இரண்டு கேக்குகளில் பெயரை மாற்றி எழுதி, முதலாளியம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

பிப்ரவரியில் திரிஃபோன் புனிதர் திருநாளன்று அப்பா திராட்சைக் கொடி வெட்டப் போனார். வழக்கப்படி வெட்டிய கொடிக்கு ஒயின் ஊற்றிய பிறகு அங்கே யார் சும்மா இருப்பார்கள்? அவரும் குடித்துவிட்டார். ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. ஆட்டுக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். காலையில் அம்மா கேட்பதற்கு முன்பே, "நேத்து விழுந்துட்டேன், ஸ்தாங்கா" என்று சொல்லிவிட்டு, பாதிரியாரிடம் பாவ அறிக்கை செய்யப் போனார். அவர் திரும்பி வரும்போது அம்மா சூப்பைச் சூடாக்கி வைத்திருந்தாள்.

பிறகு, தவக்காலம் தொடங்கும் முன் வரும் மன்னிப்பு ஞாயிறு வந்தது. அத்தை வீட்டில் வழக்கம்போல உத்தரத்திலிருந்து நூலில் அல்வா தொங்கவிட்டார்கள். அப்பாவும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆடுகிற அல்வாவை வாயால் கவ்வ எட்டி எட்டிப் பார்த்தார். மீசையெல்லாம் அல்வா. "ஏண்டா டோப்ரி, பாட்டில்னா இருட்டுலயும் வாய்க்குச் சரியாப் போகுமே! அல்வாவுக்கு மட்டும் வழி தெரியலியா?" என்றாள் அத்தை. முன்பென்றால் தட்டு பறந்திருக்கும். அப்பா சிரித்தார். "பாட்டில் ஆடாதுக்கா, நான்தான் ஆடுவேன்" என்றார்.

சின்னவர்கள் பெரியவர்களின் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்கும் நேரம். நான் அப்பாவின் கையைப் பிடிக்கக் குனிந்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் என் எதிரில் மண்டியிட்டார். அத்தை பதறிப்போனாள். "எழுந்திருடா! பெரியவன் போய் சின்னவகிட்ட மண்டிபோடுறது எந்த ஊர் வழக்கம்?" என்றாள். "அடிச்சது நானு. அவ எதுக்குக்கா கேக்கணும்?" என்றவர் என்னைப் பார்த்து, "மன்னிச்சிரும்மா" என்றார்.

"கடவுள் மன்னிப்பார்" என்று பதிலுக்கு நான் சொல்ல வேண்டும். பேசப் பழகும் குழந்தைகூடச் சொல்லிவிடும். எனக்கு வாய் வரவில்லை, அக்கா. "சொல்லித் தொலையேண்டி" என்று அத்தை கிள்ளினாள். அப்பா அவள் கையை விலக்கிவிட்டார். "விடுக்கா. அவளுக்கு எப்ப வருதோ அப்ப சொல்லட்டும்" என்று எழுந்தார். முகத்தில் கோபமே இல்லை. பனித்சாப் பலகாரத்தில் பாலாடைக்கட்டி நிறைய இருந்த துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தார்.

மறுநாளிலிருந்துதான் கதவைத் தட்டுகிறார்.

ஒரு நாள் தாழ்ப்பாளை எடுக்காமலே, இனிமேல் குடிக்கமாட்டீர்களா என்று கேட்டேன். "தெரியலம்மா. நாளைக்கு நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது. காலையில எழுந்ததும், இன்னிக்கு ஒரு நாள் என்னை விட்டுடாதீங்க ஆண்டவரேன்னு கேக்கிறேன். இன்னிக்கு விடலை" என்றார்.

நடிக்கிறவர் அப்படியா சொல்வார்? முன்பெல்லாம் சிலுவையைத் தொட்டு, இனி ஒரு சொட்டுகூடத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்வாரே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கும். கடவுள் ஆளை ஒரே நாளில் மாற்றிவிடுவார் என்று நினைத்திருந்தேன். மூடிவைத்த மாவு பொங்குவது மாதிரிதான் போலிருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை.

நீ அவரை மன்னித்தாக வேண்டும் என்று சொல்லமாட்டேன். எனக்கே இன்னும் அந்த வார்த்தை வரவில்லை. ஆனால் சின்னக்குட்டியை நம் வீட்டிலிருந்தே கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவோம், அக்கா. அப்பா எல்லோருக்கும் கடைசியில் நடந்து வரட்டும்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்தேன். பேக்கரிக் கத்தியின் நுனியால் திருகாணிகளைக் கழற்றி, நீ மாட்டிய தாழ்ப்பாளை எடுத்தேன். இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
நெவெனா